குளவிக்கு ஆஜர் எடுத்தவர்

என் மதினி குளவிக்கு ஆஜர் எடுத்தவர். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தினமும் வெளிச்சம் வரும் நேரத்துக்கு எழுந்து, பல் விளக்கும் முன்பே, பின் அறைச் சன்னலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய ஆஜர் புத்தகம் மடியில் இருக்கும். பிள்ளைகள் பெயர் எழுதும் கட்டத்தில் 'சிவப்பு மூன்று', 'மஞ்சள் இரண்டு', 'வெள்ளை' என்று எழுதியிருப்பார். கூட்டில் இருந்தால் ஒரு கோடு. இல்லாவிட்டால் ஒரு சுழி. மூன்று நாள் தொடர்ந்து சுழி விழுந்தால் பெயரை அடித்துவிடுவார். அடிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது.

மதினி என்றால் என் புருஷனுடைய அக்காள். வைகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் இயற்கைப் பாடமும் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. அப்பா செத்தபோது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. தம்பியைப் படிக்கவைத்தார். தம்பி படித்துக் கிழித்தது போதாதென்று என்னைக் கட்டிவைத்தார். அப்புறம் வரிசையாக நான்கு பிள்ளைகள். தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு அடுப்பு மதினியின் சம்பளத்தில் எரிந்தது. என் புருஷன் வக்கீல் குமாஸ்தா. ஒரு வக்கீலிடம் ஆறு மாசம் இருப்பார், சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் எட்டு மாசம் இருப்பார். கோர்ட்டு அப்போது மகாலில் இருந்தது. பாலத்தைத் தாண்டி நடந்தே போய்விடலாம். ஆனாலும் போகமாட்டார்.

குளவிக்கூடு சன்னல் கதவின் மேல் விட்டத்தில் தொங்கியது. மண் கூடு இல்லை. சாம்பல் நிறத்தில், காய்ந்த தாமரைக்காயைக் கவிழ்த்தது மாதிரி, காம்பு ஒன்றில் தொங்கும். மரச்சட்டத்தை, வேலிக் கம்பை, எங்கள் கக்கூஸ் கதவைக்கூடச் சுரண்டி வாயில் மென்று அந்தக் குளவிகள் காகிதம் மாதிரி ஒன்று செய்து கட்டின. ஒவ்வொரு அறையிலும் ஒரு முட்டை அல்லது ஒரு புழு. சன்னல் கொல்லைச் சுவரைப் பார்த்திருந்ததால் தெருவில் யாருக்கும் அந்தக் கூடு இருப்பது தெரியாது. இது முக்கியம். பின்னால் சொல்கிறேன்.

குளவிகளை எப்படி அடையாளம் கண்டார் என்று கேட்பார்கள். பொட்டு வைத்தார். ஜட்கா வண்டிக்குச் சாயம் பூசுகிற ஆள் ஒருவர் சந்துமுனையில் இருந்தார். அவரிடம் கொட்டாங்கச்சியில் ஒரு சொட்டு சிவப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்று வாங்கிவருவார். விடிகாலைக் குளிரில் குளவி விறைத்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து விளக்குமாற்று ஈர்க்கின் நுனியைச் சாயத்தில் தொட்டு முதுகில் வைத்துவிடுவார். இரண்டு வருஷத்தில் கொட்டு வாங்கியது மூன்றே தடவை. மூன்றும் புத்தகத்தில் எழுதியிருந்தது. எது கொட்டியது என்பதும்.

என் மூத்த பயலை ஒருநாள் கொட்டிவிட்டது. கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீக்கம். நான் கந்தல் துணியைக் கம்பில் சுற்றி, சீமெண்ணெயில் முக்கிக் கொளுத்திக்கொண்டு பின் அறைக்குள் போனேன். மதினி சன்னலை மறைத்து நின்றார்.

"எது கொட்டுச்சு?"

"எதுவா இருந்தா என்ன மதினி, எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல புள்ள. முப்பத்திரெண்டு."

"தள்ளுங்க, கை சுடுது."

"பாத்ததா, கேட்டதா? அது வந்து கொட்டுனத நீ பாத்தியா, இல்ல அவன் சொல்லிக் கேட்டியா?"

இதுதான் மதினி. எதைச் சொன்னாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்றால், பார்த்ததா கேட்டதா? எதிர்வீட்டில் சண்டை என்றால், பார்த்ததா கேட்டதா? சாமியார் ஒருவர் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீர்மேல் நடந்தார் என்று என் புருஷன் வாய் பிளந்து சொன்னபோதும் அதே கேள்விதான். "கேட்டதுன்னா கேட்டதுன்னு சொல்லு, பாத்த மாதிரி சொல்லாத" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பிள்ளை பெற்றவள் எதை நின்று பார்க்க முடியும்? கேட்டதை வைத்துத்தான் எங்களுக்கெல்லாம் பிழைப்பு.

தீப்பந்தம் கையில் எரிந்துகொண்டிருக்கும்போதே மகனைக் கூப்பிட்டார். திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, எங்கே நின்றாய், எதை எடுத்தாய், எதை எறிந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உண்டிவில்லால் அடித்திருக்கிறான். நான் தீயை வாளித் தண்ணீரில் முக்கி அணைத்துவிட்டுச் சட்டினிக்கு அரைக்கப் போனேன். தோற்றுப்போன ஆத்திரத்தில் அன்றைக்குச் சட்டினியில் உப்பு கூடிப்போனது.

ஆனால் போகப் போக நானும் அந்தச் சன்னலில் கொஞ்சம் நின்றேன். பால் கொடுக்கும்போது உட்கார அந்த அறையில்தான் காற்று வரும். மதினி எனக்குப் பாடம் ஒன்றும் நடத்தவில்லை. தானாகப் பேசிக்கொள்வார், என் காதில் விழும்.

கூட்டில் முட்டையிடுவது ஒன்றே ஒன்று. முதுகில் வெள்ளைப் பொட்டு வைத்தது. மற்றவை வெளியே போய்ப் புழு பிடித்து, மென்று உருண்டையாக்கி, வெள்ளையின் பிள்ளைகளுக்கு ஊட்டும். வெள்ளை அதிகாரம் செய்து நான் பார்த்ததில்லை. ராணி என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்களாம். மதினிக்கு அந்த வார்த்தை பிடிக்காது.

"ராணியாம் ராணி. அது யாரையும் ஏவல. யாரையும் கடிக்கல. இருக்கிறதுலயே சாது அதுதான். ஆனா அது இருக்கிறவரைக்கும் வேற யாரும் முட்டையிட மாட்டேங்குது."

"மத்ததுக்கு வயித்துல முட்டையே இருக்காதோ என்னமோ."

"அதுதான் இல்ல. செத்த ரெண்டை அறுத்துப் பாத்தேன். எல்லாத்துக்கும் இடம் இருக்கு. நெனச்சா எல்லாமே தாயாகலாம். ஆகாம நிக்கிதுக."

ஆண் குளவியைப் பற்றிக் கேட்டேன். பிறந்து ஒரு வாரம் கூட்டிலேயே உட்கார்ந்து மற்றது கொண்டுவருவதைத் தின்னும், ஒரு வேலையும் செய்யாது, பிறகு பறந்து போய்விடும் என்றார்.

"போயிருமா? நம்ம வீட்ல போகவே மாட்டேங்குதே மதினி" என்றேன்.

கூடத்தில் படுத்திருந்த என் புருஷன், "என்னடி அங்க சிரிப்பு?" என்றார். மதினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அந்த நிமிஷம் என் கூடப் படித்தவள் மாதிரி இருந்தார்.

மதினியை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. மண்ணால் கூடு கட்டும் குளவி தனி ஆள். கட்டும், புழுவைப் பிடித்து உள்ளே வைக்கும், முட்டையிடும், மூடிவிட்டுப் போய்விடும். தேனீயும் எறும்பும் பெரிய ராஜ்ஜியம். அங்கே வேலைக்காரி வேலைக்காரியாகவே பிறக்கிறாள். சன்னலில் இருந்தது இரண்டுக்கும் நடுவே நின்றது. இருக்கவும் முடியும், போகவும் முடியும். சில போகவும் செய்தன. 'மஞ்சள் ஐந்து' ஒருநாள் கூட்டை விட்டுப் போய்க் கொல்லை முருங்கையில் தனியாகக் கட்டியது. மதினி அங்கேயும் ஸ்டூலைப் போட்டார். பதினெட்டு நாள் கழித்து, அது இரை தேடப் போயிருந்த நேரம் பார்த்துச் செங்கதண்டு என்கிற பெரிய குளவி ஒன்று வந்து எல்லாப் புழுவையும் தின்றுவிட்டுப் போனது. திரும்பி வந்த மஞ்சள் ஐந்து காலி அறைக்குள் ஒவ்வொன்றாகத் தலையை விட்டுப் பார்த்தது.

"ஆதியில எல்லாம் தனித்தனியாத்தான் இருந்திருக்கும் புள்ள. எவளோ ஒரு மக முதல்ல போகாம நின்னிருக்கா. ஆத்தா கூட்டுலயே நின்னு தங்கச்சிகளுக்கு ஊட்டிருக்கா. ஏன் நின்னா? அதுல அவளுக்கு என்ன?"

"போக்கிடம் இல்லாம நின்னிருப்பா."

மதினி திரும்பி என்னைப் பார்த்தார். "அதுவும் இருக்கலாம்" என்று சொல்லிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை. குளவியைக் கேட்டாரா, தன்னைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அப்படிக் கேட்டால் கோபம் வரும் அவருக்கு. "நான் குளவியப் பத்திப் பேசுறேன்" என்பார்.

வெள்ளை செத்த வாரம் வீட்டில் சமையல் நேரமே மாறிப்போனது. அடுத்து யார் முட்டையிடப் போகிறது என்று பார்க்க மதினி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டார். மஞ்சள் இரண்டுதான் வரும் என்று எழுதிவைத்திருந்தார், அதுதான் எல்லாரையும் விரட்டுகிற கெட்டிக்காரி. வந்தது சிவப்பு மூன்று. மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த ஒன்று. திடீரென்று எழுந்து இரண்டு நாள் கூட்டையே கடித்துக் குதறியது. யாரும் எதிர்க்கவில்லை. ஒரு வாரத்தில் வெள்ளை மாதிரியே சாதுவாகி முட்டையிட உட்கார்ந்துவிட்டது. "தப்பாப் போச்சு புள்ள, நான் எழுதுனது சுத்தமாத் தப்பு" என்று மதினி அடுப்படிக்கே வந்து சொன்னார். தான் தப்பு என்று தெரிந்ததில் அம்புட்டு சந்தோஷப்பட்ட மனுஷியை நான் வேறு கண்டதில்லை.

இனி என் வேலையைச் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை ஆரம்பித்த வருஷம் மதினிக்கு ஒரு கடிதம் வந்தது. அதே மிஷன், வெளியூரில் புதிதாகப் பெண்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது. தலைமை ஆசிரியை வேலை. பள்ளிக்கூடத்தோடு ஒரு வீடு, அவருக்கே அவருக்கு. மிஷன் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மதினி கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினார். நாற்பதை நெருங்குகிற மனுஷி, மடித்ததை மறுபடி பிரித்துப் பார்த்தார். "கிணறு இருக்காம் புள்ள, வேம்பு ரெண்டு நிக்குதாம்" என்றார். அம்புட்டுத்தான் சொன்னார். அந்தக் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது, மதினி போய்விடுவார்.

அப்போது நான் முழுகாமல் மூன்று மாசம். யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. ஐந்தாவது. நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் நான் செத்துப் பிழைத்தேன். இருபது நாள் என்னைத் தூக்கி உட்காரவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணி அலசிவிட்டுப் பள்ளிக்கூடமும் போய்வந்தவர் மதினி. எனக்கு அம்மா வீடு கிடையாது. மதினி போனால் இந்தத் தடவை நான் பிழைக்கமாட்டேன். இதைத்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா, "என்ன, மூஞ்சி வீங்கிக் கெடக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. எங்க மதினி சன்னல்ல குளவி கட்டிருக்கு. வீட்ல அடுத்த புள்ள அவுகளுக்குத்தான் போல" என்றேன்.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம். இந்துவானாலும் வேதக்காரரானாலும் இதை நம்பாதவர் கிடையாது. கூட்டைக் கலைக்கமாட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் அறையில் கட்டினால் என்ன அர்த்தம் என்று சொல்லவேண்டியதில்லை. எதிர்வீட்டு அக்கா வாயைப் பிளந்து, "அடியே, யாரு காதுலயாவது விழுந்துறப் போகுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் சொல்லிவந்தேன். பொய். வயிற்றெரிச்சலில் சொன்னேன்.

அந்த வாரம் மதினிக்கு வயிற்றுக்கோளாறு, இரண்டு நாள் வாந்தி. அதுவும் சேர்ந்துகொண்டது. பிள்ளைக்குத் தகப்பன் வேண்டுமே, சாயம் கொடுத்த சந்துமுனைக்காரரையே ஆளாக்கிவிட்டார்கள். பாவம், அவருக்குப் பேரன் பேத்தி இருந்தது. பேச்சு தெருவைத் தாண்டி, தல்லாகுளத்தைத் தாண்டி, பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர ஒரு மாசம்கூட ஆகவில்லை. யாரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அது என்ன குளவி என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் மதினி தானாகச் சொன்னார்.

"மேனேஜர் ஐயா கூப்பிட்டுவிட்டாரு. 'டீச்சர், ஒங்க அறையில குளவி கட்டிருக்காமே'ன்னாரு. 'ஆமாய்யா, ரெண்டு வருஷமாச்சு'ன்னேன். 'அத வச்சு வெளியில ஒரு மாதிரி பேசுறாங்க, நீங்க என்ன சொல்றீங்க'ன்னாரு."

"நீ என்ன சொன்ன?" என்றார் என் புருஷன்.

"அது மண்குளவிக்குச் சொல்ற பேச்சுய்யா, இது வேற சாதி, கூட்டமா இருக்கிறதுன்னேன். மண்குளவிக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்த வெவரமாச் சொன்னேன். அவரு கேக்கவே இல்ல, மேசையையே பாத்துக்கிட்டிருந்தாரு."

என் புருஷன் சாதத்திலிருந்து கையை எடுத்தார். "அதையாக்கா சொன்ன? இல்லவே இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எது இல்ல?"

"அதான்."

"எதுடா?"

அவர் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மதினிக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஊரே ஒரு மாசமாகப் பேசியது அவருக்கு அதுவரை எட்டவே இல்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வயிறு முந்தானைக்குள் நாலு மாசம். 'குளவி எனக்குத்தான் கட்டியது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் காலையில் குழாயடியில் எல்லாம் தீர்ந்துபோகும். மேனேஜர் கையெழுத்துப் போடுவார். மதினி கிணறும் வேம்பும் இருக்கிற வீட்டுக்குப் போய்விடுவார். "ரசம் இன்னும் ஊத்தவா?" என்று கேட்டேன்.

மறுநாள் மதினி மேனேஜர் வீட்டுக்கே போனார். "கேட்டத வச்சு முடிவு பண்ணாதீங்க. தெனம் காலையில ஒங்க முன்னாடி வந்து நிக்கிறேன். எத்தன மாசம் வேணுமோ நின்னு பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பார்க்கிற பொறுமை அந்த ஆளுக்கு எங்கே இருக்கிறது? வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாராம். இருக்கிற வேலையையும் பறிக்கவில்லையே என்பது மாதிரி ஒரு பேச்சும் பேசியிருக்கிறார். மதினி தினமும் சேலையை இறுக்கிச் சுற்றி, நிமிர்ந்து, தெரு நடுவில் நடந்து பள்ளிக்கூடம் போனார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று.

என் வயிறு வெளியே தெரிந்த அன்று குழாயடியில் எதிர்வீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அடிப்பாவி, குளவி ஒனக்கா கட்டுச்சு? நாங்க அந்த டீச்சரம்மாவப் போட்டு என்னென்னமோ பேசிட்டமே."

அவ்வளவுதான். ஒரே நாளில் பேச்சு செத்துவிட்டது. ஒருத்தியும் மதினியிடம் வந்து தப்பு என்று சொல்லவில்லை. நானும்தான்.

அன்று சாயங்காலம் மதினி அடுப்படிக்கு வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். கூட்டைப் பார்ப்பது மாதிரி, அவசரமில்லாமல்.

"எத்தன மாசம்?"

"ஆறு."

கணக்கு வாத்தியாரம்மாவுக்கு விரல் மடக்கத் தேவையில்லை. கணக்குப் போட்டு முடித்தது எனக்குத் தெரிந்தது. அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"நகரு. அரிசிய நான் களையிறேன். நீ குனியாத" என்றார்.

மூன்று மாசம் அடுப்பு, துணி, பிள்ளைகள் எல்லாம் அவர்தான். பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவையும் ரத்தம் நிற்கவில்லை. மதினி கால்மாட்டில் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தி, மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மாவை இழுத்துக்கொண்டு வந்து, என்னைப் பிழைக்கவைத்தார். நான் நினைத்தது சரிதான். அவர் இல்லாவிட்டால் செத்திருப்பேன். நினைத்தது சரியாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வயசு வந்ததும் மதினி வேலையை விட்டுவிட்டு வந்து, "நான் போறேன்" என்றார். உசிலம்பட்டி போகிற வழியில் ஒரு ஊர். மிஷனும் இல்லை, மேனேஜரும் இல்லை. பருத்தி போடுகிற சம்சாரி ஒருவர் மாட்டுக்கொட்டகை தருகிறேன் என்றிருக்கிறார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் ஊரார் தானியம் தருவார்கள்.

என் புருஷன் குதித்தார். "இம்புட்டு வயசுக்கு மேல தனியாப் போய் என்னக்கா செய்வ? கெட்டுத்தான் போவ."

"தனியாப் போறது பெரும்பாலும் கெட்டுத்தான் போகுது. பாத்துருக்கேன். ஆனாலும் போறது போய்க்கிட்டுத்தான் இருக்கு" என்றார் மதினி.

புருஷன் அதன் பிறகு வேலைக்குப் போனார். ஒழுங்காகப் போனார். போக முடியும் என்று பதினைந்து வருஷமாக எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சன்னல் கூட்டை நான் தொடவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் காம்பு நைந்து விழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து நான் மதினியைப் பார்க்கப் போனேன். பெட்ரோல் கிடைக்காத காலம், கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் தள்ளினேன். கொட்டகையில் இருபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் பெண் பிள்ளைகள். மதினி கறுத்து, மெலிந்து, எலும்பு தெரிய இருந்தார். ஒரு பல் போயிருந்தது. பாடம் முடிகிற வரைக்கும் என்னைக் காக்கவைத்தார். பிறகு தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எதுக்கு வந்த?"

"சும்மா ஒங்களப் பாக்கத்தான் மதினி."

காத்திருந்தார். அவர் காத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியாதா?

"முழுகாம இருக்கேன். மூணு மாசம். வீட்ல இன்னும் சொல்லல. ஒங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். பிறகு அதையும் சொன்னேன். "போன தடவ குழாயடியில மொதல்ல பேசுனது நான்தான். அப்பவே எனக்கு மூணு மாசம். நீங்க போயிட்டா நான் செத்துருவேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

குழந்தை மதினியின் புடவை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கையை எடுத்துவிடவில்லை.

"காரணம் இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "உக்காந்து யோசிச்சேன். நான் போயிருந்தா நீ செத்திருப்ப. அது நெசம். குளவி ஒரு காரியம் பண்ணுனா அதுக்குக் காரணம் கண்டா எனக்குப் போதும். நீ பண்ணுனதுக்குக் காரணம் மட்டும் போதாது."

நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைச் சமாதானம் செய்ய வேண்டிவரும், அந்த வேலையையும் அவர் தலையில் வைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வீட்டுக்கு வரமாட்டேன். இந்தப் பிள்ளைகள விட்டுட்டு வர முடியாது. ஆறாம் மாசத்துல ஆஸ்பத்திரியில பேர் பதிஞ்சிரு. வீட்ல பெக்காத. பொறந்ததும் கடுதாசி போடு. பத்து நாளு வாரேன். பதினோராம் நாளு பஸ்ஸுக்கு நிப்பேன்."

"சரி மதினி."

"ஒன் புருஷன்கிட்ட இன்னைக்கே சொல்லு. குழாயடியிலயும் சொல்லு."

சொன்னேன். அன்றைக்கே சொன்னேன். ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். ரத்தத்தை டாக்டரம்மா நிறுத்தினார். கடிதம் கிடைத்த மறுநாள் மதினி ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். பத்து நாள் முன்பு போலவே எல்லாம் செய்தார். பதினோராம் நாள் காலை பெட்டியைப் பூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

இருங்க மதினி என்று நான் சொல்லவில்லை. எழுந்து பெட்டியை என் தலையில் ஏற்றிக்கொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு வாங்கி அடுக்கியிருந்தார், கழுத்து இறங்கியது. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "பச்ச ஒடம்போட எங்கடி தூக்கிட்டுப் போற?" என்று சத்தம் போட்டாள். "கொண்டா புள்ள, நான் தூக்குறேன், கொண்டா" என்று மதினி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் கொடுக்கவில்லை.